பழைய மார்ஷல் வால்வு ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் சேர்ப்பது எப்படி

ஜிம் மார்ஷல் 1962இல் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியிலிருந்த தம் கடையில் கிதார் ஆம்ப் செய்யத் தொடங்கியபோது, அதற்கு அடிப்படையாக இருந்தது ஃபெண்டர் பேஸ்மேன் என்ற அமெரிக்க ஆம்பின் சுற்று. அதில் எஃபெக்ட்ஸ் லூப் என்ற ஒன்று கிடையாது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. எக்கோபிளெக்ஸ் போன்ற டேப் எக்கோ கருவிகளை கிதாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்தே வாசித்தார்கள். சிக்கல் பிறகுதான் வந்தது. 1975இல் 2203 என்ற 100 வாட் ஆம்பும், தொடர்ந்து அதன் 50 வாட் தம்பியான 2204உம் மொத்த ஒலியளவைத் தனியாகக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூமோடு வந்தன. டிஸ்டார்ஷனின் பெரும்பகுதி, சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியான ப்ரீஆம்பிலேயே பிறக்கத் தொடங்கியது. எக்கோவை முன்னால் வைத்தால், எதிரொலியும் மூல ஒலியும் ஒன்றாகக் கலந்து டிஸ்டார்ஷனுக்குள் போய்க் கூழாகின்றன. டிஸ்டார்ஷன் முடிந்த இடத்தில் எக்கோ வேண்டும் என்றால், ப்ரீஆம்புக்கும், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கும் நடுவே சிக்னலை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடும் வழி ஒன்று வேண்டும். அந்த வழிதான் எஃபெக்ட்ஸ் லூப்.

இந்தக் கட்டுரை 1970களின் இறுதியில் வந்த 2204ஐ வைத்து எழுதப்பட்டது. சால்டர் அயர்ன் பிடிக்கத் தெரிந்த, மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பார்க்கத் தெரிந்த, ஆனால் வால்வு ஆம்பை இதுவரை திறக்காத ஒருவரை மனத்தில் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஆம்புக்கு இது வேண்டுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். மாஸ்டர் வால்யூம் இல்லாத 1959 சூப்பர் லீட், அதன் 50 வாட் வடிவமான 1987 (இவை ஆண்டுகள் அல்ல, மாடல் எண்கள்) ஆகியவற்றில் டிஸ்டார்ஷனின் பெரும்பகுதி பவர் ஆம்பின் பகுதிகளான ஃபேஸ் இன்வெர்ட்டரிலும் இஎல்34 வால்வுகளிலும்தான் உண்டாகிறது. அவை இரண்டும் லூப்புக்குப் பின்னால் இருப்பவை. அவற்றில் லூப் போட்டாலும் எதிரொலி டிஸ்டார்ஷனுக்குள்தான் போகும். பழைய சிக்கல் அப்படியே இருக்கும். டீலக்ஸ் ரிவெர்ப் போன்ற ஃபெண்டர் ஆம்பைச் சுத்தமான ஒலியில் வாசிப்பவர்களுக்கும் லூப் அவசியமில்லை. சுத்தமான ஒலியில் எக்கோ தரும் டிலே பெடல் முன்னால் இருந்தாலே போதும்.

இரண்டாவது கேள்வி ஆம்பின் மதிப்பு பற்றியது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, யாரும் கை வைக்காமல் இருக்கும் ஆம்பில் புதிதாகத் துளை போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ரெசிஸ்டரை மாற்றினால் திரும்ப வைக்கலாம். சேசிஸில், அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்தில், போட்ட துளையை மூட முடியாது. அப்படிப்பட்ட ஆம்ப் உங்களிடம் இருந்தால் வேறு வழி இருக்கிறது. ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து லைன் அவுட் தரும் ஒரு பெட்டியை வாங்கி, அந்த லைனை டிலேயின் வழியாக இரண்டாவது ஆம்ப் ஒன்றுக்கு அனுப்புங்கள். மார்ஷல் தன் போக்கில் முழங்கட்டும், எக்கோ மட்டும் மற்ற ஆம்பிலிருந்து வரட்டும். மாஸ்டர் வால்யூம் இல்லாத 1959க்கும் இதுதான் சரியான தீர்வு. எவரோ ஏற்கெனவே பின்பலகையில் துளை போட்ட ஆம்ப், பாகங்கள் மாற்றப்பட்ட ஆம்ப், அந்தச் சுற்றைப் பின்பற்றிப் புதிதாகக் கட்டிய ஆம்ப் ஆகியவற்றுக்குத் தொடர்ந்து படியுங்கள்.

ஏன் இரண்டு ஜாக் மட்டும் போதாது

டோன் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் கம்பியை வெட்டி, இரண்டு ஜாக் வைத்துவிட்டால் லூப் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்வழி என்ற அளவில் அது சரி. காதில் கேட்டால் சரியாக இருக்காது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

ஒன்று, மின்மறுப்பு (இம்பிடன்ஸ்), அதாவது சிக்னலின் ஓட்டத்துக்கு இருக்கும் தடை. 2204இன் மாஸ்டர் வால்யூம் 1 மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டர். அதன் நடுமுனையில் சிக்னல் பாதியாகும் இடத்தில் வெளியீட்டு மின்மறுப்பு சுமார் 250 கிலோ ஓம். கிதார் கேபிளின் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால் 600 பிகோ ஃபாரட். 250 கிலோ ஓமும் 600 பிகோ ஃபாரடும் சேர்ந்தால் சுமார் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சரியத் தொடங்கும். மார்ஷலின் கூர்மை முழுவதும் அதற்கு மேல்தான் இருக்கிறது. பெடலைச் செருகியதும் ஆம்ப் போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் ஆகிவிடும்.

இரண்டு, சிக்னலின் அளவு. டோன் பகுதிக்குப் பின்னால் சில வோல்ட் சிக்னல் இருக்கிறது. 9 வோல்ட்டில் ஓடும் பெடலால் அதைத் தாங்க முடியாது. பெடலே கிழிந்த ஒலியைத் தரும். எனவே சிக்னலைக் குறைத்து அனுப்ப வேண்டும், திரும்பி வரும்போது பெருக்க வேண்டும், அனுப்பும் இடத்தில் மின்மறுப்பையும் தாழ்த்த வேண்டும். பெடல்களுக்கு 0.3 வோல்ட் வரை, ஸ்டூடியோ ரேக் கருவிகளுக்கு 1 வோல்ட் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலையை இசிசி83 வால்வு ஒன்றின் இரு பாதிகளாலும் செய்யலாம். ஒரு பாதி மின்மறுப்பைத் தாழ்த்தும் கேத்தோடு ஃபாலோயர், மறுபாதி பெருக்கி. ஆனால் அதற்கு வால்வு சாக்கெட் வேண்டும், சாக்கெட்டுக்குத் துளை வேண்டும், வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்குக் கூடுதலாக 0.3 ஆம்பியர் வேண்டும். அதனால் நான் பரிந்துரைப்பது எல்என்டி150 என்ற மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்). 500 வோல்ட் தாங்கக்கூடியது, சிறிய டிரான்சிஸ்டர் அளவுதான், ஹீட்டர் வேண்டாம், வால்வைப்போலவே தானாகப் பயாஸ் ஆகும், அதாவது தன் இயக்க நிலையைத் தானே அமைத்துக்கொள்ளும். வால்வு ஆம்பில் செமிகண்டக்டரா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் அதன் வேலை டிஸ்டார்ஷன் தருவதல்ல, கிடைத்ததைச் சிதைக்காமல் கடத்துவது. அதை எல்என்டி150 நன்றாகவே செய்கிறது.

உயிர் காக்கும் பகுதி

இந்த ஆம்பின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது வடிகட்டிக் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். ஸ்டாண்ட்பை நிலையில் (வால்வுகள் சூடாக இருந்தும் உயர் மின்னழுத்தம் துண்டிக்கப்பட்ட நிலை) வைத்து ஆம்பை அணைத்தால் வால்வுகள் அந்த மின்னூட்டத்தை வடிக்காது. நெடுநேரம் அப்படியே நிற்கும். ஆகவே ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலையிலேயே விட்டுவிட்டு மெயின்ஸை அணையுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், சில நிமிடம் விடுங்கள்.

பிறகு 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் இன்சுலேஷனுள்ள கம்பியும் முதலைக் கிளிப்பும் பொருத்திக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பைச் சேசிஸில் கடிக்கவிட்டு, மற்றொன்றை ஒவ்வொரு வடிகட்டிக் கெப்பாசிட்டரின் நேர்முனையிலும் பத்து நொடி வையுங்கள். திருப்புளியால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்க வைக்கும் பழக்கம் வேண்டாம். கெப்பாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. வடித்த பின் மல்டிமீட்டரை 600 வோல்ட்டுக்குக் குறையாத டிசி அளவில் வைத்து ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். 5 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே உள்ளே கை போகலாம். வேலை நடுவே சாப்பிடப் போய்த் திரும்பினாலும் மீண்டும் அளக்க வேண்டும்.

மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப் போட்டுச் சேசிஸில் நிறுத்திவிட்டு, சிவப்பு முனையை ஒரே கையால் பிடியுங்கள். இன்னொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். காலில் செருப்பு, அருகில் ஒரு ஆள், இரண்டும் தேவை. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். இந்தப் பத்தியைப் படிக்கும்போது தயக்கம் வந்தால், வேலையை வால்வு ஆம்ப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் செய்வதை அருகிலிருந்து பாருங்கள். அப்படிக் கற்பதும் நல்ல கல்விதான்.

வேண்டிய பொருட்கள்

எல்என்டி150 இரண்டு வேண்டும். ஒன்றிரண்டு பழுதானாலும் சமாளிக்க நான்காக வாங்குங்கள். அரை வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களில் 1.5, 4.7, 10, 47, 100, 820 கிலோ ஓம் வகைகளில் ஒவ்வொன்று. அவற்றோடு 1 மெகா ஓமில் மூன்று. கேட்டுக்குத் தொடராக வைக்க இன்னும் இரண்டு 10 கிலோ ஓம். 220 கிலோ ஓம் டிரிம்மர் (திருப்புளியால் திருப்பும் சிறு பொட்டென்ஷியோமீட்டர்) ஒன்று. 22 நானோ ஃபாரட், 630 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு. 1 மைக்ரோ ஃபாரட், 250 வோல்ட் ஒன்று. சிக்னல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஜாக்குக்கு 100 நானோ ஃபாரட் ஒன்று. 22 மைக்ரோ ஃபாரட், 500 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று. 12 வோல்ட் ஜீனர் நான்கு. பிளாஸ்டிக் உடலுள்ள ஜாக் இரண்டு, அவற்றில் ஒன்று சுவிட்ச் தொடர்புள்ளது. இரட்டை முனை இரட்டை நிலை டாகிள் சுவிட்ச் ஒன்று. மெல்லிய ஷீல்டு கம்பி ஒரு மீட்டர். சென்னைவாசிகளுக்கு இவற்றில் பெரும்பாலானவை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எல்என்டி150ஐ ஆன்லைனில் வரவழைக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஆம்பின் உடல்நலம்

நாற்பது ஆண்டு தாண்டிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏற்கெனவே இரைச்சல் உள்ள ஆம்பில் லூப் சேர்த்தால், பழைய குறை எது, புதிய குறை எது என்று பிரிக்க முடியாமல் போகும். உள்ளே எதையும் தொடுவதற்கு முன் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

சிறு பலகையைக் கட்டுதல்

லூப்பின் சுற்று முழுவதையும் தீப்பெட்டி அளவுக்குச் சற்றுப் பெரிய பலகையில், ஆம்புக்கு வெளியிலேயே கட்டி முடியுங்கள். எல்என்டி150இன் கால்களில் எது சோர்ஸ், எது கேட், எது டிரெயின் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அனுப்பும் பகுதி: உள்ளே வரும் சிக்னல் 820 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிரிம்மரின் மேல்முனைக்கு வருகிறது; டிரிம்மரின் கீழ்முனை எர்த். இரண்டும் சேர்ந்து சுமார் 1 மெகா ஓம். டோன் பகுதி இதுவரை மாஸ்டர் வால்யூமில் கண்ட அதே சுமை இங்கேயும் இருக்கும்படி இந்த மதிப்புகளைத் தேர்ந்திருக்கிறேன். டோன் கட்டுப்பாடுகளின் நடத்தை மாறாது. டிரிம்மரின் நடுமுனையிலிருந்து 22 நானோ ஃபாரட், பிறகு 10 கிலோ ஓம், பிறகு முதல் எல்என்டி150இன் கேட். சோர்ஸிலிருந்து 1.5 கிலோ ஓம், அதன் அடியில் 47 கிலோ ஓம், அதன் அடியில் எர்த். 1.5உம் 47உம் சந்திக்கும் இடத்திலிருந்து 1 மெகா ஓம் ஒன்று, 22 நானோ ஃபாரடும் 10 கிலோ ஓமும் சந்திக்கும் இடத்துக்குப் போக வேண்டும். டிரெயின் நேராக மின்வழங்கலுக்கு. சோர்ஸிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட் வழியாக, சிக்னலை வெளியே அனுப்பும் சென்ட் ஜாக். ஜாக்கில் 1 மெகா ஓம் ஒன்று எர்த்துக்கு, செருகும்போது ‘டப்’ என்ற ஒலி வராமல் இருக்க. இப்போது வெளியீட்டு மின்மறுப்பு 1 கிலோ ஓம் அளவுக்கு வந்துவிடும். ஆறு மீட்டர் கேபிளை அது பொருட்படுத்தாது.

திரும்பும் பகுதி: ரிட்டர்ன் ஜாக்கிலிருந்து 100 நானோ ஃபாரட், பிறகு எர்த்துக்கு 1 மெகா ஓம், பிறகு 10 கிலோ ஓம், பிறகு இரண்டாவது எல்என்டி150இன் கேட். சோர்ஸில் 4.7 கிலோ ஓம் எர்த்துக்கு. டிரெயினிலிருந்து 100 கிலோ ஓம் மின்வழங்கலுக்கு. டிரெயினிலிருந்து 22 நானோ ஃபாரட் வழியாக வெளியீடு. இந்த நிலை சுமார் 15 மடங்கு பெருக்கும். சிக்னலின் ஃபேஸையும், அதாவது அலையின் மேடுபள்ளங்களையும், தலைகீழாக்கும். ஒரே ஆம்பில் வாசிக்கும்போது அது காதுக்குத் தெரியாது. இரண்டு ஆம்பை ஒன்றாக ஓட்டுபவர்கள் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டை மிகை மின்னழுத்தத்திலிருந்து காக்க, ஒவ்வொரு எல்என்டி150இலும் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே இரண்டு ஜீனர்களை எதிரெதிராகத் தொடரில் வையுங்கள். ஒரே ஜீனர் போதும் என்று விட்டால் சாதாரணப் பயாஸிலேயே அது கடத்தத் தொடங்கிவிடும். எதிரெதிராக இரண்டு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மின்வழங்கல்: ஆம்பில் முதல் இரண்டு ப்ரீஆம்ப் வால்வுகளுக்கு மின்சாரம் தரும் வடிகட்டிக் கெப்பாசிட்டரின் நேர்முனையிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக எடுத்து, பலகையில் 22 மைக்ரோ ஃபாரடால் வடிகட்டுங்கள். அங்கே 300 வோல்ட்டை ஒட்டி இருக்கும். இரண்டு மாஸ்ஃபெட்டும் சேர்ந்து 1 மில்லி ஆம்பியரை ஒட்டியே இழுக்கும் என்பதால் வால்வுகளின் மின்னழுத்தம் பெரிதாக மாறாது. வால்வுகள் சூடாகும் முன் இந்த முனையில் மின்னழுத்தம் மிக உயர்ந்திருக்கும் என்பதால் கெப்பாசிட்டர் 500 வோல்ட் வகையாகவே இருக்க வேண்டும். ஆம்பைப் போடும்போதும் ஒரு நிமிடம் ஸ்டாண்ட்பையில் சூடாக்கிய பிறகு வாசிக்கும் நிலைக்கு மாற்றுங்கள்.

ஆம்புக்குள் இணைத்தல்

டோன் பகுதியிலிருந்து, அதாவது ட்ரெபிள் பொட்டென்ஷியோமீட்டரின் நடுமுனையிலிருந்து, மாஸ்டர் வால்யூமின் மேல்முனைக்கு ஒரு கம்பி வருகிறது. தொட வேண்டியது அந்த ஒரு கம்பியை மட்டும். அதை மாஸ்டரின் முனையில் சால்டரை உருக்கிக் கழற்றுங்கள், வெட்ட வேண்டாம். சர்க்யூட் போர்டின் பக்கத்தில் இரும்பை வைக்காதீர்கள். பழைய மார்ஷல் போர்டுகளில் செப்புத் தடங்கள் சூட்டில் எளிதாகப் பெயர்ந்துவிடும்.

மாஸ்டருக்கு முன்னால் லூப்பை வைப்பதில் ஓர் ஆதாயம் உண்டு. வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெடலுக்குப் போகும் சிக்னல் மாறாது. பெடலின் இரைச்சலும் மாஸ்டரோடு சேர்ந்து குறையும். வீட்டில் மெதுவாக வாசிப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

கழற்றிய கம்பி டாகிள் சுவிட்சின் ஒரு பொது முனைக்குப் போகட்டும். மாஸ்டரின் மேல்முனை மற்றொரு பொது முனைக்கு. ஒரு நிலையில் இரண்டும் நேராக ஒன்றோடொன்று சேர வேண்டும். அப்போது ஆம்ப் தொழிற்சாலைச் சுற்றாகவே இருக்கும். மறுநிலையில் முதலாவது பலகையின் உள்ளீட்டுக்கும், இரண்டாவது பலகையின் வெளியீட்டுக்கும் போக வேண்டும். ரிட்டர்ன் ஜாக்கின் சுவிட்ச் தொடர்பைச் சென்ட்டோடு இணைத்துவிட்டால், எதுவும் செருகாதபோதும் சிக்னல் அறுபடாது.

ஜாக்குகளுக்கு ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துங்கள். ஒரு துளைதான் இருக்கிறது என்றால், மிக்ஸரில் இருப்பதுபோல ஸ்டீரியோ ஜாக் ஒன்றை வைத்து, நுனியை அனுப்பவும் வளையத்தைத் திரும்ப வாங்கவும் பயன்படுத்தலாம். சந்தையில் கிடைக்கும் இன்செர்ட் கேபிள் அதற்கெனவே உள்ளது. இரண்டாவது ஸ்பீக்கர் ஜாக்கை மட்டும் இதற்காகப் பலி கொடுக்காதீர்கள். மேடை இருட்டில் யாராவது ஸ்பீக்கரை அதில் செருகிவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் சுமையில்லாமல் ஓடும்.

பலகையின் எர்த், மின்சாரம் எடுத்த அதே வடிகட்டிக் கெப்பாசிட்டரின் எர்த் முனைக்கு ஒரே கம்பியாகப் போக வேண்டும். பிளாஸ்டிக் ஜாக் கேட்டது இதற்காகத்தான். உலோக ஜாக் சேசிஸைத் தொட்டு இரண்டாவது எர்த் பாதையை உண்டாக்கி ‘ம்ம்ம்’ என்ற உறுமலைக் கொண்டுவரும். ஷீல்டு கம்பியின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். கம்பிகளை ஹீட்டர், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கம்பிகளிலிருந்து விலக்கி, தவிர்க்க முடியாத இடத்தில் குறுக்காகக் கடக்க விடுங்கள். உள்ளீட்டு ஜாக்கின் அருகே இவற்றைக் கொண்டுபோகவே கூடாது. ஆம்ப் ஊளையிடத் தொடங்கும்.

முதல் மின்சாரம்

மெயின்ஸோடு தொடரில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வைத்து முதல் தடவை ஓட்டுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே அணையுங்கள். பல்பை நீக்கிய பிறகு இரண்டு இடத்தில் அளந்தால் போதும். அனுப்பும் எல்என்டி150இன் சோர்ஸில் 15 முதல் 45 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். திரும்பும் எல்என்டி150இன் டிரெயினில், பலகையின் மின்வழங்கலைவிட 15 முதல் 40 வோல்ட் குறைவாக இருக்க வேண்டும். இந்த மாஸ்ஃபெட் ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பதால்தான் இத்தனை அகல வரம்பு. சோர்ஸில் பூஜ்யம் என்றால் கால்களை மாற்றிச் சால்டர் செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

அளவைச் சரிசெய்தல்

சென்ட்டையும் ரிட்டர்னையும் ஒரு குட்டைக் கேபிளால் இணைத்து, சுவிட்சை மாற்றி மாற்றிப் போட்டு வாசியுங்கள். இரு நிலையிலும் ஒலியளவு சமமாகும்வரை டிரிம்மரைத் திருப்புங்கள்; மூன்றில் ஒரு பங்கு திருப்பத்தில் அது வந்துவிடும். டிரிம்மரைத் திருப்பப் பிளாஸ்டிக் திருப்புளிதான் வேண்டும், ஏனென்றால் அருகிலேயே 300 வோல்ட் நிற்கிறது. பிறகு ப்ரீஆம்ப் வால்யூமை நீங்கள் வழக்கமாக வாசிக்கும் இடத்தில் வைத்து, ஈ கார்டைப் பலமாக அடித்து, சென்ட் ஜாக்கில் ஏசி வோல்ட் பாருங்கள். 0.3 வோல்ட்டை ஒட்டி இருந்தால் எந்தப் பெடலும் தாங்கும். அதிகமாக இருந்து பெடல் கிழிந்தால் டிரிம்மரைக் குறைத்து, இழந்ததை மாஸ்டரில் கூட்டிக்கொள்ளுங்கள்.

சம அளவில் வைத்துக் கேட்கும்போது ஒலியின் குணத்தில் வேறுபாடு தெரியக் கூடாது. லூப் போட்டதும் மேல்சுரங்கள் மங்கினால் ஷீல்டு கம்பி தேவைக்கு மேல் நீளமாக இருக்கலாம், குறிப்பாக டோன் பகுதியிலிருந்து பலகைக்கு வரும் துண்டு. அது இன்னும் உயர் மின்மறுப்புப் பாதைதான். பலகையை மாஸ்டருக்கு அருகில் கொண்டுவந்து கம்பியைக் குறையுங்கள். பெடலைச் செருகியபோது மட்டும் உறுமல் வந்தால் ஆம்பைத் திறக்கும் முன் பெடலின் அடாப்டரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அடாப்டர்தான். தனித்தனி வெளியீடுகள் கொண்ட பவர் சப்ளை அதைத் தீர்க்கும்.

லூப்பில் டிலே, ரிவெர்ப், கோரஸ் ஆகியவை வரட்டும். வாவா, ஓவர்டிரைவ், டியூனர் கிதாரின் பக்கமே இருக்கட்டும். இது முழு சிக்னலும் பெடல் வழியாகவே போகும் தொடர் லூப் என்பதால் டிலேயின் மிக்ஸை முழுவதும் எஃபெக்ட் பக்கம் திருப்பினால் மூல ஒலி காணாமல் போகும். கால்பங்கில் தொடங்கிக் கூட்டுங்கள். ஃபேஸரை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்த ஃபேஸரின் மெல்லிய அசைவு எனக்குப் பிடிக்கும். லூப்பில் அது மிகையாகச் சுழல்கிறது.

மூடுவதற்கு முன், நீங்கள் கட்டிய சுற்றைக் கையால் வரைந்து, எந்தக் கம்பி மாஸ்டரின் எந்த முனையிலிருந்து கழற்றப்பட்டது என்றும், வேலை செய்த ஆண்டையும் எழுதி, மரப்பெட்டியின் உட்புறத்தில், வால்வுகளின் சூடு படாத இடத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்து இந்த ஆம்பைத் திறப்பவர் அந்த ஒரு கம்பியைப் பழைய இடத்தில் சால்டர் செய்தால் போதும், ஆம்ப் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும்.